ஓடை மண்ணும் தனிம வரைபடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் ஓடைகளில் இறங்கி மண் அள்ளும்போது கரையில் நிற்பவர்கள் கேட்பது ஒரு வகை. அதே மண்ணின் எண்களை வைத்துக்கொண்டு முதுகலை நிலவியல் மாணவர்கள் கேட்பது இன்னொரு வகை. இரண்டையும் அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

"ஓடை மண்ணை பையில கட்டித் தூக்கிட்டுப் போறீங்களே, தங்கமா தேடுறீங்க?"

தங்கமும் பட்டியலில் உண்டு, ஆனால் அது அறுபதுக்கும் மேற்பட்ட தனிமங்களில் ஒன்றுதான். இரும்பு, குரோமியம், நிக்கல், செம்பு, ஈயம், துத்தநாகம், ஆர்சனிக், யுரேனியம், தோரியம், அருமண் தனிமங்கள் எல்லாம் ஒவ்வொரு மாதிரியிலும் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து, அளவுகளை நிறமாக்கி வரைபடத்தில் இடுவதே வேலை. இதைப் புவிவேதியியல் வரைபடம் என்கிறோம்.

கனிமம் தேடுவதற்காகத் தொடங்கிய முறைதான். ஆனால் பயன் அதோடு நிற்கவில்லை. பிரிட்டனில் இம்பீரியல் கல்லூரியின் ஜான் வெப் குழுவினர் ஓடைப் படிவுகளை அளந்தபோது, டார்பிஷர் பகுதியில் மாலிப்டினம் கூடுதலாக இருப்பது தெரிந்தது. அங்கே மேய்ந்த மாடுகளுக்கு வந்த செம்புச் சத்துக் குறைபாட்டுக்கு இந்த மாலிப்டினமும் ஒரு காரணம். அந்த மாலிப்டினம் கருநிறக் களிப்பாறையிலிருந்து (ஷேல்) வந்தது. மாட்டு வைத்தியருக்கும் நிலவியலாளருக்கும் ஒரே வரைபடம் உதவியது.

"பாறையிலதானே தாது இருக்கு? பாறையையே உடைச்சு எடுத்துட்டுப் போகலாமே?"

போகலாம். ஆனால் ஒரு பாறைத் துண்டு அந்த இடத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லும். பத்தடி தள்ளி வேறு பாறை இருந்தால் தெரியாது. பாதி நிலத்தில் பாறை வெளியே தெரிவதும் இல்லை. மண்ணும் பயிரும் மூடிக்கிடக்கும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பார்கள், பானை முழுக்க ஒன்றாக வெந்திருக்கும் என்ற நம்பிக்கையில். நிலம் அப்படி வேகாதது. ஓடை அதைக் கிளறிக் கலந்து தருகிறது. மேலே உள்ள கரடு, சரிவு, வயல் எல்லாவற்றிலிருந்தும் மழை அரித்துக் கொண்டுவந்த துகள்கள் ஓடைப் படுகையில் கலந்து கிடக்கின்றன. ஆகவே ஒரு பிடி ஓடை மண், அந்த இடத்துக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்பு முழுவதன் சராசரி. இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். எண் சொல்வது நிற்கும் இடத்தைப் பற்றி அல்ல, அதன் மேற்பக்கத்தைப் பற்றி.

"எத்தனை இடத்துல எடுப்பீங்க? இதையெல்லாம் யார் செய்யச் சொன்னது?"

இந்தியாவில் இதைச் செய்வது 1851-இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம். தேசியப் புவிவேதியியல் வரைபடத் திட்டம் என்ற பெயரில் 2001-இலிருந்து நடக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்து, அக்கம்பக்கத்து நான்கைச் சமமாகக் கலந்து, 2 கி.மீ.க்கு 2 கி.மீ. கட்டத்துக்கு ஒரு மாதிரியாக ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். 1:50,000 அளவுள்ள ஒரு டோப்போ ஷீட் (நில அளவை வரைபடத் தாள்) நம் பக்கத்தில் சுமார் 750 சதுர கிலோமீட்டர். அதற்கு ஏறத்தாழ 190 கலவை மாதிரிகள். ஓடையே இல்லாத கட்டத்தில் சரிவில் வழிந்து வந்த மண்ணை எடுத்துக்கொள்வார்கள்.

உலகில் நாம் முதல் ஆள் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் சுமார் 50,000 ஓடை மாதிரிகளை வைத்துச் செய்த வரைபடத் தொகுப்பு 1978-இல் வெளிவந்தது. சீனா 1970-களின் இறுதியில் ஷியே சூயேஜிங் தலைமையில் தொடங்கி, 39 தனிமங்களை நாட்டின் பெரும்பகுதிக்கு அளந்தது. நாலு மாதிரியைக் கலக்கும் முறை அங்கேயும் உண்டு. ஆய்வகச் செலவைக் குறைக்க அது நல்ல வழி.

"எங்க பள்ளத்துல வருஷத்துல முக்கால்வாசி நாள் தண்ணியே கிடையாது. அதுல என்ன மாதிரி கிடைக்கும்?"

தண்ணீர் இல்லாததே எங்களுக்கு வசதி. தேவை தண்ணீர் அல்ல, கடைசி வெள்ளம் விட்டுப்போன மண். வடகிழக்குப் பருவமழை முடிந்து படுகை காய்ந்த பிறகு இறங்கினால் எது புதுப் படிவு, எது கரை இடிந்து விழுந்த மண் என்று கண்ணாலேயே பிரித்துவிடலாம். கரை மண் அந்தக் கரையின் கதையை மட்டும் சொல்லும் என்பதால் அதை ஒதுக்க வேண்டும். படுகையின் நடுவில், சில மீட்டர் இடைவெளியில் நாலைந்து இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது வழக்கம்.

தமிழ்நாட்டில் கவனிக்க வேண்டியவை ஏரியும் தடுப்பணையும். ஏரிக்கரைக்குக் கீழே மாதிரி எடுத்தால் மேற்பகுதியின் வண்டல் பெரும்பாலும் ஏரிக்குள்ளேயே தங்கியிருக்கும். கைக்கு வருவது கரை மண்ணும் வயல் மண்ணும்தான். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் இந்தத் தலைவலி பற்றி அதிகம் இருக்காது. நீர்வரத்து ஏரிக்குள் நுழைவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. பாலம், சாலை, குப்பைமேடு எதுவானாலும் அதற்கு மேற்பக்கம் போய்விடுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

"இவ்வளவு அள்ளிட்டு, சலிச்சு முக்கால்வாசியை இங்கேயே கொட்டிட்டுப் போறீங்க. ஏன்?"

பருமணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதில் நமக்கு வேண்டிய தனிமங்கள் ஏறக்குறைய இல்லை. களிமண், இரும்பு ஆக்சைடு, நுண்ணிய கனிமத் துகள்கள் ஆகியவற்றில்தான் அவை சேர்கின்றன. இங்கே 120 மெஷ் சல்லடை, அதாவது 125 மைக்ரானுக்குக் குறைவான துகள் மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். எல்லா இடத்திலும் ஒரே அளவுத் துகளை எடுத்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

சல்லடை விஷயத்தில் மாணவர்களிடம் கொஞ்சம் கறாராக இருப்பேன். பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும் கூட்டிவிடும். துத்தநாகப் பூச்சுள்ள மண்வெட்டி கூடாது, பெயின்ட் உரியும் சட்டியும் கூடாது. எவர்சில்வர் அல்லது நைலான்தான். தங்க மோதிரம் போட்டுக்கொண்டு மண்ணைப் பிசைந்துவிட்டு "சார், இங்கே தங்கம் காட்டுது" என்றால் சிரிப்பதா அழுவதா?

"பிபிஎம், பிபிபி என்கிறீர்கள். புரியும்படி சொல்லுங்கள்."

1 பிபிஎம் என்றால் ஒரு டன் மண்ணில் ஒரு கிராம். 10,000 பிபிஎம் ஒரு சதவீதம். பிபிபி அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்டங்களின் மேலோட்டில் சராசரியாகக் குரோமியம் 92 பிபிஎம், துத்தநாகம் 67, நிக்கல் 47, செம்பு 28, ஈயம் 17. தங்கமோ 1.5 பிபிபி அளவில்தான். இவை ஒரு திசைகாட்டி மட்டுமே. உங்கள் பகுதியின் பின்னணி அளவு அங்குள்ள பாறையைப் பொறுத்தது.

"வரைபடத்துல எங்க தாலுகா முழுக்கச் சிவப்பா இருக்கு. விஷமா?"

சிவப்பு என்பதற்கு ஆபத்து என்று பொருள் இல்லை. பெரும்பாலான வரைபடங்களில் எல்லா மாதிரிகளையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, மேலே உள்ள ஐந்து சதவீதத்துக்கோ பத்து சதவீதத்துக்கோ சிவப்பு அடிக்கிறார்கள். எந்த ஊரிலும் மேல் ஐந்து சதவீதம் என்று ஒன்று இருந்தே தீரும்! ஆகவே நிறத்தை விட்டுவிட்டு ஓரத்தில் உள்ள அளவுப் பட்டையின் எண்களைப் படியுங்கள்.

அந்த எண் கூடுதலாக இருந்தாலும் தனிமம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கனிமத் துகளுக்குள் பூட்டிக்கிடக்கும் குரோமியம் பயிருக்கும் கிணற்றுக்கும் எளிதில் போகாது. கரையும் வடிவில் இருந்தால் கதை வேறு. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

"ஒரு இடத்தில் குரோமியம் அதிகம். அது பாறையிலிருந்து வந்ததா, தோல் ஷாப்புக் கழிவிலிருந்து வந்ததா, எப்படிச் சொல்வீர்கள்?"

நான் மிகவும் விரும்பும் கேள்வி. தமிழ்நாட்டிலேயே இரண்டுக்கும் உதாரணம் உண்டு. சேலம் நகரை ஒட்டிய வெள்ளைக்கல் கரடுகளில் மக்னீசியம் மிகுந்த டியூனைட், பெரிடோடைட் வகைப் பாறைகள் இருக்கின்றன. மாக்னசைட் வெட்டியெடுக்கும் அதே இடம்தான், கருப்பூர்ப் பக்கம் குரோமியத் தாதுவான குரோமைட்டும் உண்டு. நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியில் கால்சியமும் அலுமினியமும் மிகுந்த அனார்த்தோசைட் பாறைக்குள் குரோமைட் அடுக்குகள் இருக்கின்றன. (சந்திரயான்-2 சோதனைக்காக நிலா மண் போலத் தயாரிக்க இஸ்ரோ எடுத்ததும் இந்தப் பக்கத்து அனார்த்தோசைட்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் தனிப் பெருமை.) டியூனைட் வகைப் பாறையிலேயே குரோமியம் 2,000 பிபிஎம்முக்கு மேல் இருப்பது சாதாரணம். அதன் கீழ்ப்பக்கத்து ஓடையில் எண் எகிறுவதற்கு எந்த ஆலையும் வேண்டியதில்லை. மறுபக்கம் பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. அங்கே தோல் பதனிடக் குரோமிய உப்பு பயன்படுகிறது. அந்தக் கழிவு குறித்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிரித்தறிய முதலில் கூட்டாளிகளைப் பார்க்க வேண்டும். பாறைக் குரோமியம் தனியாக வராது. டியூனைட் வகையிலிருந்து வந்தால் நிக்கல், கோபால்ட், மக்னீசியம் மூன்றும் கூடவே ஏறும். சித்தம்பூண்டி போன்ற இடத்தில் கால்சியமும் அலுமினியமும் கூடும். தோல் கழிவில் நிக்கல் ஏறாது. உப்பும் அங்ககப் பொருளும்தான் கூடும். அடுத்து, துகளைப் பார்க்க வேண்டும். குரோமைட் கனமானது, கறுப்பானது. தட்டில் போட்டுத் தண்ணீரில் அலசினால் அடியில் தங்கிவிடும். கழிவுக் குரோமியம் களிமண்ணோடும் அங்ககப் பொருளோடும் ஒட்டிக்கொண்டு அலசும் நீரோடு போய்விடும். மூன்றாவது, மேல்நோக்கி நடப்பது. கழிவு என்றால் வாய்க்கால் சேரும் இடத்துக்கு மேலே போனவுடன் எண் சட்டென்று விழும். பாறை என்றால் மலையடிவாரம் வரை குறையாமல் தொடரும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த அளவீடு மொத்தக் குரோமியத்தை மட்டுமே தரும். நச்சுத்தன்மை மிக்கது அறுதிறன் குரோமியம் (Cr-VI) என்ற வடிவம். அது இருக்கிறதா என்று தண்ணீரில் தனியாகச் சோதிக்க வேண்டும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.

"ஒரே மண்ணை இரண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். குரோமியம் ஒன்றில் பாதிகூட இல்லை. யாரை நம்புவது?"

அநேகமாக இரண்டு பேரும் சரியாகவே செய்திருப்பார்கள். எக்ஸ்ஆர்எஃப் என்ற எக்ஸ்-கதிர் கருவி பொடியைக் கரைக்காமல் அப்படியே அளக்கிறது, எந்தக் கனிமத்துக்குள் இருந்தாலும் எண்ணிவிடும். மற்ற ஆய்வகம் ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்து, அந்தக் கரைசலை ஐசிபி என்ற கருவியில் அளந்திருந்தால், குரோமைட் அந்தத் திராவகத்தில் கரைந்திருக்காது. சிர்கான், தகரத் தாதுவான காசிட்டரைட், பேரைட் என்ற மூன்று கனிமங்களும் இப்படியே அடம்பிடிப்பவை. அந்த வித்தியாசமே ஒரு தகவல்: கரையாமல் நின்ற பங்கு, சிவப்பு நிறம் பற்றிய பதிலில் சொன்ன "பூட்டிக்கிடக்கும்" பங்கு என்று ஊகிக்கலாம். முறை எது என்று எழுதாத அறிக்கையை மட்டும் வாங்காதீர்கள்.

"தர்மபுரிக்காரன் நான். ஓடை மண்ணில் ஃப்ளோரைடு பார்த்தால் எந்த போர் தண்ணீரைக் குடிக்கலாம் என்று தெரிந்துவிடுமா?"

தெரியாது. ஃப்ளோரின் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்கள் எந்தப் பகுதிப் பாறையில் அதிகம் என்பதற்கு ஓடை மண் ஒரு குறிப்புத் தரும், அவ்வளவுதான். கிணற்று நீரில் எவ்வளவு கரைகிறது என்பது நீரின் காரத்தன்மை, கால்சியம், பாறை இடுக்கில் நீர் எத்தனை காலம் தங்கியது என்பவற்றைப் பொறுத்தது. கால்சியம் நிறைய இருந்தால் ஃப்ளோரைடு படிந்துவிடும், குறைந்தால் நீரில் ஏறும். பக்கத்துப் பக்கத்து போர்களில்கூட எண் மாறும். குடிநீருக்கு ஏற்புடைய அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், மாற்று வழி இல்லாதபோது 1.5 வரை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே காரணம் இந்த ஃப்ளோரைடுதான். உங்கள் போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

"ஒரு மாதிரியில் தங்கம் 200 பிபிபி வந்திருக்கிறது. பின்னணியைவிட நூறு மடங்கு! சுரங்கமே இருக்குமோ?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு தங்கத் துகளின் எடை சுமார் 10 மைக்ரோகிராம். அது 120 மெஷ் சல்லடையில் இறங்கிவிடும். 50 கிராம் மாதிரியில் அது ஒன்று விழுந்தால் போதும், 200 பிபிபி வந்துவிடும். பக்கத்தில் எடுத்த இரட்டை மாதிரியில் துகள் விழவில்லை என்றால் ஒன்றுமே காட்டாது. எனவே தங்கத்துக்கு ஒற்றை எண்ணை நம்பக் கூடாது. கிலோக் கணக்கில் மண் எடுத்துத் தங்கத்தைக் கரைத்துப் பிரிக்கும் முறை உண்டு. தங்கத்தோடு பயணம் செய்யும் ஆர்சனிக், ஆன்டிமனி போன்றவை பக்கத்துக் கட்டங்களிலும் ஏறியிருக்கின்றனவா என்று பார்ப்பது இன்னொரு வழி.

நீலகிரிக் கூடலூர்ப் பக்கம் தேவாலா, பந்தலூர் ஓடைகளில் தங்கம் அலசியது உண்மைதான். 1880-ஐ ஒட்டி அங்கே ஆங்கிலேயக் கம்பெனிகள் வந்து குவிந்ததும், போட்ட பணத்தை இழந்து கலைந்ததும் உண்மை. ஓடையில் துகள் கிடைப்பதற்கும் லாபமான சுரங்கத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

"செம்பு வெறும் 35 பிபிஎம்தான். அந்தப் பகுதியை விட்டுவிடலாமா?"

மாதிரிக்கு மேலே நீர்ப்பிடிப்பு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். கற்பனையாக ஒரு கணக்கு: 0.1 சதுர கிலோமீட்டர் பரப்பில் 5,000 பிபிஎம் செம்புள்ள மண், மற்ற இடமெல்லாம் 30 பிபிஎம். நீர்ப்பிடிப்பு 10 சதுர கிலோமீட்டர் என்றால் ஓடை மண்ணில் ஏறத்தாழ 80 வரும். யாருக்கும் தெரியும். அதே தாது 100 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புக்குள் இருந்தால் 35 தான் வரும். சாதாரண ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துவிடும். சராசரி என்று இரண்டாம் கேள்வியில் சொன்னதற்கு நாம் கொடுக்கும் விலை இது. சின்ன ஓடைகளையே தேடிப் போவதும், பெரிய ஆற்றைத் தவிர்ப்பதும் இதனால்தான்.

"கோபால்ட், துத்தநாகம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்து ஏறியிருக்கின்றன. தாது இருப்பதற்கு இது போதாதா?"

போதாது. முதலில் மாங்கனீசையும் இரும்பையும் பாருங்கள். நிலத்தடி நீர் கசிந்து ஓடையில் காற்றைத் தொடும் இடத்தில் மாங்கனீசு ஆக்சைடு கூழாங்கல் மேல் கறுப்புப் பூச்சாகப் படியும். அது கோபால்ட், துத்தநாகத்தை நீரிலிருந்து உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். இரும்பு ஆக்சைடு ஆர்சனிக்கைப் பிடிக்கும். மேலே தாதுவே இல்லாமல் இந்த ஏற்றம் வரலாம். மாங்கனீசு, இரும்போடு சேர்த்து வரைந்து, அவற்றால் விளக்க முடியாத மிச்சத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

சிர்கோனியம், தோரியம், சீரியம் மூன்றும் சேர்ந்து ஏறினால் வேறொரு பொறி. ஓடை வளைவில் நீர் வேகம் குறையும் இடத்தில் கருமணல் கோடாகப் படியும். சிர்கோனியம் உள்ள சிர்கான், தோரியமும் சீரியமும் உள்ள மோனசைட், கூடவே இல்மனைட் எல்லாம் அதில் ஒதுங்கும். அந்தக் கோட்டில் கை வைத்தால் எண் எகிறும். அதற்கு இரண்டடி தள்ளி வைத்தால் எகிறாது. இதே கனிமங்கள் கடல்வரை போய்ச் சேர்ந்து அலைகளால் பிரிக்கப்பட்டுக் குவிந்ததுதான் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல்.

"இரண்டு டோப்போ ஷீட் சேரும் இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிறம் மாறுகிறதே?"

நிலவியல் நேர்கோட்டில், அதுவும் சரியாக அட்சரேகையில் மாறாது. இரண்டு தாள்களும் வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு ஆய்வகத்தில் அல்லது வெவ்வேறு அளவுத்திருத்தத்தில் அளக்கப்பட்டவை என்றே பொருள். அளவு தெரிந்த சான்று மாதிரிகளும் இரட்டை மாதிரிகளும் இரண்டு தொகுதிகளிலும் இருந்தால், அவற்றை வைத்துச் சமன்செய்யலாம். இல்லாவிட்டால் எல்லையோரக் கட்டங்களை ஒப்பிட்டுத் தோராயமாகச் சரிசெய்ய வேண்டியதுதான். மாதிரிகளை எடுத்த வரிசையிலேயே அளக்காமல் வரிசையைக் கலைத்துப்போட்டு அளப்பதும் இதற்காகத்தான். கருவி மெல்ல மெல்ல விலகினால், அது வரைபடத்தில் ஒரு மலைத்தொடர் போலத் தெரிந்துவிடக் கூடாது அல்லவா.

"நீங்க மண்ணு எடுத்துட்டுப் போனா, நாளைக்கு எங்க ஊரைச் சுரங்கத்துக்குக் குடுத்துடுவாங்களா?"

மதுரை மாவட்ட மேலூர் விவகாரத்துக்குப் பிறகு கிராமங்களில் முதலில் வரும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, அரிட்டாபட்டி உள்ளிட்ட சுமார் 5,000 ஏக்கர், 2024 நவம்பரில் ஏலம் போனது. மக்கள் போராட்டத்துக்குப் பின் 2025 ஜனவரியில் ரத்தானது.

நாங்கள் போடும் புவிவேதியியல் வரைபடம் நாடு முழுவதற்கும் எடுக்கும் அடிப்படைத் தரவு. கனிமம் இருக்கும் ஊர், இல்லாத ஊர் என்று பார்த்து எடுப்பதில்லை. அதற்குப் பிறகு கனிம ஆய்வு ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்று நான்கு கட்டங்களாக நெருங்கும். துளையிட்டு இருப்பைக் கணக்கிடுவதெல்லாம் பின்னால்தான். ஆனால் "கவலைப்படாதீங்க, ஒண்ணும் வராது" என்று கரையில் நின்று வாக்குறுதி கொடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2021 விதித் திருத்தத்துக்குப் பிறகு முதல் கட்டமான ஜி4-லேயே கூட்டு உரிமத்துக்கு (மேற்கொண்டு ஆய்வு, பிறகு சுரங்கம் இரண்டும் சேர்ந்த உரிமம்) ஏலம் விட வழி உண்டு. மண் அள்ளுபவர் கையில் அந்த முடிவு இல்லை. ஊருக்கு யார், எந்த நிறுவனத்திலிருந்து, எந்தக் கட்ட ஆய்வுக்காக வந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

"இந்த எண்களை நான் பார்க்க முடியுமா? என் தோட்டத்துக்கு உரம் போட உதவுமா?"

பார்க்கலாம். நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2023 இறுதியில் தொடங்கிய தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியமும் இருக்கிறது. உங்கள் ஊர் டோப்போ ஷீட் எண்ணைத் தெரிந்துவைத்துக்கொண்டு போனால் தேடல் எளிது.

உரத்துக்கு உதவாது. நாலு சதுர கிலோமீட்டருக்கு ஓர் எண், அதுவும் பயிருக்குக் கிடைக்கும் சத்து அல்ல, மொத்த அளவு. அதற்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைதான் சரி. உங்கள் பகுதி மண்ணில் துத்தநாகமோ செம்போ இயல்பிலேயே குறைவா என்ற சந்தேகம் வந்தால் மட்டும் இந்த வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். பார்க்கும்போது தோட்டம் இருக்கும் கட்டத்தோடு நிறுத்தாமல், உங்கள் பள்ளம் எந்தக் கரட்டிலிருந்து இறங்கி வருகிறதோ அதுவரை உள்ள கட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள்.